சுரண்டி படாத மலை

கொழும்பில் மேசையோடும் நாற்காலியோடும் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும் என் மூத்த பிள்ளைக்கு, மடுல்சீமைத் தோட்டத்து மேல்கணக்குப் பிரிவிலிருந்து அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். அப்பாவுக்கு இருமல் குறைந்திருக்கிறது, வாய் கூடியிருக்கிறது. ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்த கங்காணிக்கு அதட்ட ஆள் வேண்டுமல்லவா, கோழிகளை அதட்டிக்கொண்டிருக்கிறார். எனக்கு முழங்கால்தான் மேட்டில் ஏற மாட்டேன் என்கிறது. இறக்கத்தில் விட்டால் முனகிக்கொண்டே போகிறது. மற்றபடி ஒரு குறையும் இல்லை. இந்தக் கடிதத்தை நீ மட்டும் படித்து மடித்து வைக்க வேண்டியதில்லை. உன் அலுவலகத்தில் தமிழ் தெரிந்தவர்கள் இருந்தால் அவர்களுக்கும் படித்துக் காட்டு. அவர்களையும் நினைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். அதனால் உனக்குத் தெரிந்த சிலதையும் விளக்கிச் சொல்வேன், முகம் சுளிக்காதே.

உன் கடிதத்தை வாசலில் உட்கார்ந்து அப்பாவுக்கும் கேட்கும்படி படித்தேன். அரசாங்கத்தின் ஆராய்ச்சி வேலை அலுத்துவிட்டது என்று எழுதியிருந்தாய். மலை மலையாக ஏறி, எந்தச் சரிவில் மண் போகிறது, எந்தச் சரிவை மறுபடியும் காடாக்கலாம் என்று அளந்து எழுதிக் கொடுத்தால் அதை அலுமாரிதான் படிக்கிறது என்றாய். தேயிலை ஏலக் கம்பெனி ஒன்று கூப்பிடுகிறது, போகட்டுமா என்று கேட்டாய். அப்பா உடனே, "அரைக்காசு உத்தியோகம்னாலும் அரமன உத்தியோகம்னு எழுது அவனுக்கு" என்றார். அது அவர் பதில். என் பதில் கொஞ்சம் நீளம். போ என்றும் சொல்ல மாட்டேன், இரு என்றும் சொல்ல மாட்டேன். உன் வாழ்க்கையை நீதான் நடத்த வேண்டும், நான் கூடவே வந்து குடை பிடிக்க முடியாது. ஆனால் முடிவெடுக்கும் முன் நம் ஏழாம் நம்பர் மலை எப்படிக் காடானது என்று உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்தக் காலத்தில் நீ பதுளையில் மாமா வீட்டில் தங்கிப் படித்தாய். லீவுக்கு வந்தபோது மலையைப் பார்த்திருப்பாய், நடந்ததைப் பார்க்கவில்லை. அப்பா சொல்லிக் கேட்டிருப்பாய் என்றால் அதை மறந்துவிடு. அவர் சொல்கிற கதையில் எப்போதும் அவர்தான் ராஜா.

தோட்டத்தில் மலை என்று நாம் சொல்வது கொழுந்து எடுக்கிற நிலத்தை. ஏழாம் நம்பர் மலை நாம் வரிசை வீடுகளாகக் குடியிருக்கிற லயத்துக்கு நேர் மேலே செங்குத்தாக நிற்கிறது. அதற்கும் லயத்துக்கும் நடுவே பிள்ளைக்காம்பரா. வேலைக்குப் போகிற தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகிற இடம். உன்னையும் உன் தங்கையையும் அங்கேதான் தொட்டிலில் போட்டுவிட்டுக் கூடையை மாட்டிக்கொண்டு போவேன். அந்த மலையில் தேயிலை வெள்ளைக்காரன் காலத்தில் போட்டது. நரைத்த தலையில் முடி போல அங்கங்கே ஒரு செடி இருக்கும், நடுவில் எல்லாம் செம்மண். ஐப்பசி மழை பிடித்தால் மார்கழி முடியும்வரை மலை கரைந்து கரைந்து கீழே வரும். தண்ணீர் போகிற கானை வெட்டி வெட்டி ஆண்களுக்குக் கை சலித்துவிடும். ஒரு வருஷம் சேறு பிள்ளைக்காம்பராவின் பின்சுவரைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து தொட்டில் கட்டியிருந்த கம்பம் வரைக்கும் நின்றது. ஞாயிற்றுக்கிழமை ஆனதால் உள்ளே குழந்தைகள் இல்லை. சுவரைக் கட்டிக் கொடுத்தார்கள், நாங்கள் மறுபடியும் பிள்ளைகளைக் கொண்டுபோய் விட்டோம். வேறு எங்கே விடுவது? மழை இருட்டிக்கொண்டு வந்தால் மேல் மலையில் கொழுந்தெடுக்கும் அத்தனை பெண்களும் கையை நிறுத்திவிட்டுக் கீழே அந்தத் தகரக் கூரையைப் பார்ப்போம். அந்தப் பயத்தோடு எத்தனை வருஷம் கூடை சுமந்தேன் என்று உனக்குத் தெரியாது.

தோட்டங்களை அரசாங்கம் எடுத்த பிறகுதான் அந்த ஆராய்ச்சித் திட்டம் வந்தது. ஒரு ஜீப், ஒரு லொறி நிறையப் பலகை, சிமெந்து, பண்டாரவளைப் பக்கத்துச் சிங்களவர் ஒருவர். ஒல்லியான மனிதர், வெற்றிலை போடமாட்டார், கோபம் வந்தால் தொப்பியைக் கழற்றிக் கழற்றிப் போடுவார். அரசாங்கப் பணத்தில் மண்ணை நிறுக்க வந்தவர் என்று தெரிந்ததும் லயத்துக்காரர்கள் அவருக்கு மண்ணுதொரை என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவருக்கும் அது தெரியும், சிரித்துக்கொள்வார். எழுதப் படிக்கத் தெரிந்த பெண் வேண்டும் என்று கேட்டபோது, லயத்துக்கே கடிதம் எழுதிக் கொடுக்கிறவள் என்று என்னைக் கைகாட்டினார்கள். இன்னும் சில பெண்களும் சேர்ந்தார்கள். அதில் ஒருத்தி ராக்கம்மா, லயத்தில் அடுத்த காம்பரா வீட்டுக்காரி, எனக்கு அக்கா முறை.

திட்டம் என்னவென்றால், ஏழாம் நம்பர் மலையை மேலிருந்து கீழாக ஓடுகிற மூன்று நீளப் பாத்தியாகப் பலகை வைத்துப் பிரித்தார்கள். ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு சிமெந்துத் தொட்டி. மழை பெய்தால் அந்தந்தப் பாத்தியில் கரைகிற மண் அந்தந்தத் தொட்டியில் வந்து சேரும். முதல் பாத்தியில் எப்போதும்போலத் தேயிலை, புல் செதுக்குகிற சுரண்டி போட்டுப் புல்லே இல்லாமல் வைக்க வேண்டும். இரண்டாவதில் குறுக்கே குறுக்கே மானாப்புல் வரிசை. மூன்றாவதில் ஒன்றும் செய்யக்கூடாது. பழைய தேயிலையை அப்படியே விட்டுவிட்டு, ஓடைக்கரையிலிருந்து கொண்டுவந்த கொஞ்சம் நெல்லி, நாவல், கடுக்காய்க் கன்றுகளை நட்டு, பிறகு என்ன வந்தாலும் வரட்டும் என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். நம் சனத்துக்குச் சிரிப்பு வராமல் இருக்குமா? "மலைய காடாப் போக விடுறதுக்குச் சம்பளமா? எங்க காம்பராப் பின்னாடி அதச் சும்மாவே செய்யுறோமே" என்றார்கள். நானே ஒருநாள் வாய்விட்டுக் கேட்டுவிட்டேன். அவர் கோபப்படவில்லை. "அம்மா, இந்த மலை மண்ணு எல்லாம் ஆத்துக்குப் போகுது, குளத்துக்குப் போகுது, ரோட்டுல விழுது. அத அள்ளுறதுக்கு அரசாங்கம் செலவு பண்ணிக்கிட்டே இருக்கு. எப்படி நிப்பாட்டுறதுன்னு பாக்க ஒரு கொஞ்சம் செலவு பண்ணினா என்ன?" என்றார். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள், ஆற்றுக்குப் போகிற மண்ணையே அளக்கிற மனிதரை அன்றுதான் பார்த்தேன்.

வேலை என்னவோ எனக்குப் பிடித்திருந்தது. மழை விட்டதும் தொட்டியைக் கலக்கி, சேற்றை வாளியில் எடுத்து, காயவைத்து, தராசில் நிறுத்து எழுதுவோம். மூன்றாம் பாத்தியில் தானாக முளைத்து வந்த ஒவ்வொரு காட்டுக்கன்றுக்கும் துணிக்கீற்று ஒன்றைக் கட்டி அடையாளம் வைப்போம். அதற்கு எங்கள் பழைய சேலையைத்தான் கிழித்தோம். தீபாவளிக்கு எடுத்த என் பச்சைச் சேலை கடைசியில் நெல்லிக்கன்றுகளுக்குத்தான் போயிற்று. மைனாவும் கொண்டைக்குருவியும் எங்கிருந்தோ கொட்டையைத் தின்றுவிட்டு வந்து எச்சமிடும், அதிலிருந்து நாங்கள் நடாத கன்றெல்லாம் வந்தன. மண்ணுதொரை குழந்தையைப் பார்க்கிற மாதிரி குனிந்து குனிந்து பார்ப்பார். நம் லயத்தில் பாதிக் குடும்பங்கள் இந்தியாவுக்குப் பெயர் பதிந்துவிட்டுக் கப்பலுக்குக் காத்திருந்த காலம் அது. ராக்கம்மாவும் பதிந்திருந்தாள். ஆனாலும் ஓடையிலிருந்து கன்று சுமந்து வந்து நடுவாள். "நாளைக்கு இங்க இருப்போமான்னு தெரியல, எதுக்குக்கா இப்படி மாடா ஒழைக்கிற?" என்று கேட்டேன். "நான்தானேடி போறேன், மலை எங்க போகப் போகுது?" என்றாள். அவள் போய்ச் சேர்ந்த இடத்திலிருந்து இன்றைக்கும் பொங்கலுக்கு ஒரு கடுதாசி போட்டு நெல்லி காய்த்ததா என்று கேட்கிறாள்.

இப்படியே சில மழைக்காலம் போனது. முதல் தொட்டியில் சேறு நிறையும், மூன்றாவதில் தண்ணீர் தெளிந்து கிடக்கும். அப்போதுதான் கொழும்பிலிருந்து பெரியவர்கள் வருகிறார்கள் என்று செய்தி வந்தது. ஊவா முழுக்கச் சரிவுகளில் இப்படிப் பழந்தேயிலை கிடந்தது. அதை என்ன செய்வது என்று விதி எழுதப் போகிற குழு. எல்லாவற்றையும் வேரோடு தோண்டிப் புதுத் தேயிலை போடலாம் என்று ஒரு பக்கம், பைனஸ் மரம் நடலாம் என்று ஒரு பக்கம், தானாகக் காடாக விடலாம் என்று மண்ணுதொரை ஒரு பக்கம். அவர் பக்கத்துக்குக் காட்ட அவரிடம் இருந்தது மூன்றாம் பாத்தி மட்டும்தான். அது சரிப்படவில்லை என்றால் திட்டம் மூடப்படும், ஏழாம் நம்பர் மலை தோண்டப்படும். பிள்ளைக்காம்பராவுக்கு மேலே அந்த மலை முழுவதையும் கிளறிப்போட்டுவிட்டு ஒரு ஐப்பசி மழையை நினைத்துப் பார். நாங்கள் நினைத்தோம்.

வருவதற்கு முதல் நாள் எங்கள் கூட்டத்தைத் துரை பங்களாவுக்கு அனுப்பினார்கள். விருந்தாளிகளுக்குச் சாப்பாடு வைக்கிற இடத்தைக் கழுவித் துடைக்க வேண்டும். மண்ணுதொரை அவர்களை எதிர்கொள்ளப் பதுளைக்குப் போயிருந்தார். மலையில் யாரும் இல்லை. இங்கேதான் உன் அப்பா வருகிறார். அவர் அப்போது புல்லுவெட்டுக் கங்காணி. பெரிய துரைமார் வருகிறார்கள் என்றால் அந்த மலையைக் கண்ணாடி மாதிரி ஆக்கி வைப்பது அவருடைய தொழில், அவருடைய அப்பாவின் தொழில், அதற்கும் முந்தியவருடைய தொழில். அவர் காலையில் பெயர் கூப்பிட்டு வேலை கொடுக்கிற பெரட்டில் ஆள் பிரித்து, புல்லுவெட்டுப் பெண்கள் அத்தனை பேரையும் சுரண்டியோடு கூட்டிக்கொண்டு ஏழாம் நம்பர் மலைக்கு ஏறினார். முதல் பாத்தி ஏற்கெனவே சுத்தம். மானாப்புல்லை நட்டது என்று தெரிந்ததால் தொடவில்லை. மூன்றாம் பாத்தியைக் காடாக விடுகிறார்கள் என்ற பேச்சை அவர் லயத்துக் கேலி என்றே நினைத்திருந்தார், நானும் விளக்கிச் சொன்னதில்லை. அதைப் பார்த்ததும் அவருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றிருக்கிறது. பெண்டாட்டி வேலை செய்கிற இடம் இப்படியா புதராகக் கிடப்பது, துரைமார் பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று. மேலிருந்து கீழே வரைக்கும் ஒரு பச்சை இல்லாமல் சுரண்டி எடுத்துவிட்டார்கள். பழைய தேயிலைத் தூர் மட்டும் நின்றது. அதிலும் அந்தப் பெண்கள் எவ்வளவு நல்லவர்கள் தெரியுமா? எங்கள் சேலைத்துணி வீணாகப் போகக்கூடாது என்று ஒவ்வொரு கன்றிலிருந்தும் முடிச்சை அவிழ்த்து, துணியை ஒழுங்காக வேலிக் கம்பியில் தொங்கவிட்டுவிட்டு, பிறகுதான் கன்றைப் பிடுங்கியிருக்கிறார்கள்.

மாலையில் பங்களாவிலிருந்து ஏறி வந்தேன். தூரத்திலிருந்தே என் பச்சைச் சேலை கம்பியில் கீற்றுக் கீற்றாக ஆடியது தெரிந்தது. அதற்கு அப்பால் செம்மண். உன் அப்பா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றார். "பாத்தியா? வீட்டுக்கு விருந்தாளி வந்தா வாசல் கூட்ட வேணாமா? நீங்க பங்களாவக் கழுவுனா போதுமா?" என்றார். முகத்தில் அத்தனை பெருமை. எனக்காகச் செய்திருக்கிறார், மகனே. அது தெரிந்ததால்தான் எனக்கு இன்னும் ஆத்திரம் வந்தது. "ஐயோ, அந்தக் கன்னுகளுக்குத்தாங்க இத்தன வருசமா சம்பளம் வாங்குனோம்" என்றேன். அவருக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் அப்படியே குந்திவிட்டார். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது என்று சொல்வார்களே, அந்தக் குரங்குக்கு முன்னால் பிடித்தவரே உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்தது. நான் வாய்க்கு வந்தபடி ஏசினேன். அவர் ஒன்றும் திருப்பிச் சொல்லவில்லை. எங்கள் கல்யாண வாழ்க்கையில் அப்படி நடந்தது அந்த ஒருமுறைதான்.

ஜீப் சத்தம் கேட்டது. மண்ணுதொரை ஏறி வந்தார், பார்த்தார், தொப்பியைக் கழற்றினார், திரும்பப் போடவில்லை. "கொஞ்ச நேரம் என்கிட்ட யாரும் பேசாதீங்க" என்று சொல்லிவிட்டுப் பலகை மேல் உட்கார்ந்தார். செய்தி கேட்டு ஆபீசிலிருந்து கிளாக்கரையாவும் ஓடி வந்தார். கெட்டிக்காரர் அவர். "புடுங்கினது இன்னும் வாடல. எல்லாத்தையும் எடுத்துக் குத்தி வச்சுத் தண்ணி ஊத்திட்டா நாளைக்கு ஒருத்தருக்கும் தெரியாது. ஜீப்ப விட்டு எறங்கி எட்டிப் பாத்துட்டு சாப்பிடப் போயிடுவாங்க" என்றார். ராக்கம்மா உடனே குவியலிலிருந்து கன்றுகளைப் பொறுக்க ஆரம்பித்தாள். நானும் குனிந்தேன். கீழே பிள்ளைக்காம்பராக் கூரை தெரிகிறது, என்னால் வேறு எதையும் யோசிக்க முடியவில்லை. மண்ணுதொரை வேண்டாம் என்று சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டே இருந்தார். அவருடைய இத்தனை வருஷ உழைப்பல்லவா?

உன் அப்பாதான் எழுந்தார். "வேணாம் புள்ள, வச்சுடு" என்று என் கையிலிருந்ததை வாங்கிக் கீழே போட்டார். கிளாக்கரையாவைப் பார்த்து, "முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்க முடியாதுங்க. புடுங்கினவன் நான், நானே சொல்லிக்கிறேன்" என்றார். மண்ணுதொரை நிமிர்ந்தார். "கங்காணி, நீங்க சொன்னா உங்க வேலைக்குத்தான் கஷ்டம்." உன் அப்பா சொன்ன பதிலை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். "வரட்டுங்க. பொய்ச்செடியப் பாத்துட்டு சர்க்காரு சட்டம் போட்டா, அந்தச் சட்டத்துக்குக் கீழதானுங்களே நம்ம புள்ளைக்காம்பரா நிக்கும்?" என்றார். கோழியை அதட்டுகிற அதே மனிதர்தான். நான் அவரைக் கட்டிக்கொண்டதில் வருத்தப்படாத நாட்களில் அது முதல் நாள் என்று வேண்டுமானால் வைத்துக்கொள். அப்பாவுக்கு இதைப் படித்துக் காட்டும்போது இந்த வரியைத் தாண்டிவிடுவேன்.

மறுநாள் வந்தார்கள். அன்றைக்கு ஒரு பெருமழை பெய்து, சுரண்டிய பாத்தியிலிருந்து சேறு ஓடி எல்லாவற்றையும் நிரூபித்துக் காட்டியது என்று எழுத எனக்கும் ஆசைதான். வானம் வெளுத்துக் கிடந்தது. காய்ந்த செம்மண்ணைச் சுற்றி அவர்கள் நின்றார்கள், மண்ணுதொரை ஆங்கிலத்தில் சொன்னார், அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்போது உன் அப்பா முண்டாசை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு முன்னால் போய், தான்தான் செய்தது என்றார். குழுவில் கண்ணாடி போட்ட ஓர் அம்மா இருந்தார். மண்ணுதொரையை மொழிபெயர்க்கச் சொல்லி, ஏன் செய்தாய் என்று கேட்டார். "பெரியவங்க வந்தா மலை சுத்தமா இருக்கணும்ங்க. புல்லு இருந்தா கங்காணிக்குக் கேவலம். புல்லு நின்னதுக்காக எங்கப்பாவுக்கு அரைப்பேர் போட்டிருக்காங்க." பாதி நாள் சம்பளத்தை வெட்டுவதற்குத்தான் தோட்டத்தில் அரைப்பேர் என்று பெயர். அந்த அம்மா விடவில்லை. "இந்தப் புல்லும் கன்றும் ஏன் இருக்க வேண்டும் என்று உங்களிடம் யாராவது சொன்னார்களா?" என்றார். "தொடாதன்னு பொம்பளைங்களுக்குச் சொன்னாங்க. ஏன்னு எங்களுக்குச் சொல்லலீங்க" என்றார் அப்பா. இதை மொழிபெயர்க்கும்போது மண்ணுதொரையின் குரல் இறங்கிவிட்டது. அந்த அம்மா நின்றபடியே அதை எழுதிக்கொண்டார்.

அவர்கள் திட்டத்தை மூடவில்லை. மேலும் காலம் கொடுத்தார்கள். கொடுத்ததோடு, இனி ஆராய்ச்சி நடக்கிற இடத்தில் கங்காணிமாரையும் கூட்டிவந்து காட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அடுத்த மழையில் மண்ணுதொரை உன் அப்பாவைக் கூப்பிட்டு ஒவ்வொரு தொட்டியிலும் கையை விடச் சொன்னார். மூன்றாம் தொட்டியிலும் அந்த வருஷம் சேறு முழங்கை வரை வந்தது. "இது நான் கழுவி விட்ட மண்ணு" என்று அப்பா சொன்னார். அதற்குப் பிறகு மூன்றாம் பாத்திப் பக்கம் ஓர் ஆடு வந்தால்கூட அவரிடமிருந்து தப்ப முடியாது. மண்ணுக்குள் கிடந்த கொட்டைகள் மறுபடியும் முளைத்தன, குருவிகளும் தங்கள் பங்குக்கு வேலை செய்தன. நான் இன்னொரு சேலையைக் கிழித்தேன்.

பிறகு மண்ணுதொரைக்கு மாற்றம் வந்து போய்விட்டார். போகும்போது அறிக்கையைத் தட்டச்சுக்குக் கொடுத்திருப்பதாகச் சொன்னார். அதற்கப்புறம் ஒரு சத்தமும் இல்லை. அதுவும் உன்னுடையது மாதிரி ஓர் அலுமாரியில்தான் கிடந்திருக்கும், கரப்பான் படித்திருக்கும். வருஷங்கள் ஓடின. நாங்கள் மறந்தே போனோம். ஒருநாள் காலைப் பெரட்டில் புதிய துரை ஒரு சுற்றறிக்கையை வாசிக்கச் சொன்னார். செங்குத்தான சரிவிலும், லயங்களுக்கும் பிள்ளைக்காம்பராக்களுக்கும் ஊற்றுகளுக்கும் மேலே இருக்கும் நிலத்திலும் இனித் தேயிலை போடக்கூடாது, சுரண்டி போடக்கூடாது, காடு வளர விட வேண்டும் என்று இருந்தது. அதன் கடைசியில் இன்னொன்று: அப்படி வளர்வதைக் கவனக்குறைவு என்று சொல்லி எந்த உத்தியோகத்தரும் கங்காணியையோ தொழிலாளியையோ தண்டிக்கக் கூடாது. கிளாக்கரையா வாசித்து முடித்ததும் உன் அப்பா நிமிர்ந்து நின்ற நிமிர்வு இருக்கிறதே, படம் பிடித்துச் சுவரில் மாட்ட வேண்டியது. "சர்க்காரே என்னாலதான் சட்டம் போட்டுச்சு" என்று அன்றிலிருந்து சொல்லிக்கொண்டு திரிகிறார். நான் மறுப்பதில்லை. கொஞ்சம் உண்மையும் அதில் இருக்கிறது.

எல்லாம் நல்லபடியாக எழுதியிருந்தார்கள் என்று நினைக்காதே. அந்தச் சுற்றறிக்கையில் காட்டுக்குள் ஒருவரும் நுழையக்கூடாது, ஒரு குச்சியும் எடுக்கக்கூடாது என்று இருந்தது. எழுதினவருடைய வீட்டில் என்ன அடுப்போ தெரியாது. நமக்கு எரிக்கிறது விறகு. கவ்வாத்து வெட்டுகிற காலத்தில் வெட்டிப்போட்ட தேயிலைக் கிளையை, மிலாறு என்போமே, அதைக் கட்டிக்கொண்டு வந்து அடுக்குவோம். தேயிலை இல்லாத மலையில் மிலாறு ஏது? பெண்கள் காவலாளிக்குத் தெரியாமல் போனார்கள். திருட்டாகப் போகிறவள் காய்ந்ததா பச்சையா என்று பார்த்துக்கொண்டு நிற்பாளா, கைக்குக் கிடைத்ததை வெட்டினாள். பிறகு உன்னைப் போல ஒரு பிள்ளை கணக்கெடுக்க வந்தது. வந்ததும் மரத்தை எண்ணாமல் முதலில் நம் அடுப்பைப் பார்த்தது, என்ன எரிக்கிறீர்கள் என்று கேட்டது. அந்தப் பிள்ளை என்ன எழுதிக் கொடுத்ததோ, அடுத்த முறை வந்த சுற்றறிக்கையில் காய்ந்த விறகு எடுக்கலாம் என்று இருந்தது. பச்சை வெட்டுவது நின்றுபோனது. நீ அந்த வேலையிலேயே இருப்பதாக இருந்தால் இதை மட்டும் மனதில் வை. மலையைப் பார்க்கப் போகிறவன் அடுப்பையும் பார்த்துவிட்டு வர வேண்டும். ஏலக் கம்பெனிக்குப் போவதாக இருந்தாலும் பார், அடுப்பைப் பார்ப்பது எங்கேயும் வீண் போகாது.

இந்த மார்கழியில் பெய்த மழை உனக்குப் பத்திரிகையில் தெரிந்திருக்கும். ராத்திரி பகல் என்று இல்லை, தகரத்தில் பறை அடித்த மாதிரி. ஓடைக்கு அந்தப் பக்கச் சரிவு யாரோ ஒருவருடைய சொந்த நிலம், அங்கே சுற்றறிக்கையும் கிடையாது, மரமும் கிடையாது, உச்சி வரைக்கும் தோண்டி மரக்கறி போட்டிருந்தார்கள். அது வந்துவிட்டது. சத்தம் கேட்டு நாங்கள் எல்லோரும் லயத்து வாசலுக்கு ஓடி வந்தோம். விடிந்து பார்த்தால் லுணுகலைக்குப் போகிற ரோட்டையும் அந்த மரக்கறித் தோட்டத்தையும் மூடிக்கொண்டு செம்மண் கிடந்தது. அங்கே வீடு இல்லாததால் உயிருக்குச் சேதமில்லை, மாரியாத்தா புண்ணியம். பார்க்க ஊரே திரண்டது. போட்டோ பிடித்தார்கள், பெரிய உத்தியோகத்தர்கள் குடையோடு வந்து நின்றார்கள். உன் அப்பாவும் சால்வையைச் சுற்றிக்கொண்டு போனார். நான் போகவில்லை. உன் கடிதத்தில் கேட்டிருந்தாயே, "நாங்கள் அளந்து எழுதிக் கொடுப்பதால் எங்கே என்ன நடந்துவிட்டது" என்று. எல்லோரும் அந்தப் பக்கம் போக, நான் முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஏழாம் நம்பர் மலையடிக்குப் போனேன்.

பிள்ளைக்காம்பராவுக்குப் பின்னால் கானில் தண்ணீர் ஓடியது. காலை வைத்துப் பார்த்தேன், பாதம் தெரிந்தது. மேலே மரமெல்லாம் சொட்டிக்கொண்டு நின்றன. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற ஆயாப்பிள்ளை எப்போதும்போல வந்து கதவைத் திறந்து, தொட்டில்களை உதறிக் கட்டி, பாலைக் காய்ச்ச வைத்தாள். தாய்மார் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு வந்து பிள்ளைகளை இறக்கிவிட்டார்கள். ஒன்று அழுதது, அதைப் பார்த்து இன்னொன்று அழுதது, ஒருத்தி போன வாரம் கொடுத்த போத்தலைக் காணோம் என்று சண்டை பிடித்தாள். பெரட்டுக்கு நேரமாகிறது என்று பறந்தார்கள். ஒருவரும் மேலே திரும்பிப் பார்க்கவில்லை. நான் வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு நின்று அழுதுவிட்டேன், ராசா. ஆயாப்பிள்ளை பயந்துபோய் வெளியே வந்தாள். "என்னாக்கா, என்ன ஆச்சு?" என்றாள்.

"ஒண்ணும் ஆகலடி" என்றேன்.

அம்மா